பதினைந்து வெள்ளி என்று எழுதப்பட்ட முன்கட்டு

கெப்பாலா பத்தாஸ் தாத்தா நம் வீட்டுக்கு வந்தால் ஏன் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறார், ஏன் ஒரு வாய் காப்பிகூடக் குடிப்பதில்லை என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு வயிறு சரியில்லை என்று உங்கள் அம்மா சமாளித்திருக்கிறாள். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பிள்ளைகளே. அது வீட்டு வரியால் வந்தது. வரியால் என்று சொல்வதும் தப்பு. என் வாயால் வந்தது.

நான் தமிழில் நாலாவது வரையும், பாதிரியார்கள் பள்ளியில் இங்கிலீஷ் இரண்டு வருஷமும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

வரியை எப்படிப் போடுகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒரு வீடு என்ன விலை போகும் என்று முனிசிபால்காரர்கள் பார்ப்பதில்லை. வாடகைக்கு விட்டால் மாதம் என்ன கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்கள். சொந்தக்காரனே குடியிருந்தாலும் விடமாட்டார்கள். அவன் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாக வைத்து ஒரு தொகை போட்டுக்கொள்வார்கள். அந்த மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவது வீட்டின் வருஷ மதிப்பு. அந்த மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று வரி. எவ்வளவு என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். கணக்குச் சுலபமாக இருக்கட்டும், நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாகப் பிரித்து ஜனவரியில் பாதி, ஜூலையில் பாதி, முன்னதாகவே கட்ட வேண்டும். வாடகை தப்பாக எழுதப்பட்டால் வரியும் தப்பாக வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பினாங்கு டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்துச் சந்தில் நாம் இருக்கும் இந்தப் பலகை வீடு, துறைமுகத்தில் உழைத்து உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, வாங்கியது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மிச்சம் இருந்தவை இந்த வீடும், கல்யாணம் ஆகாத ஒரு தங்கையும். அவள்தான் உங்கள் அத்தை. நான் கொப்பரைக் கிடங்கில் நிறுவைக்காரனாக இருந்தேன். மாதம் முப்பது வெள்ளி சம்பளம். உங்கள் அம்மாவைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பின்கட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

முன்கட்டில் சொங்கோக் தொப்பி தைக்கிற ஒரு நானா வாடகைக்கு இருந்தார். ராமநாதபுரத்து முஸ்லிம். மனைவி மக்கள் ஊரில். ஒரு மிதி மெஷின், தொப்பியை வடிவுக்கு மாட்டி வைக்கும் மரஅச்சுகள், சுருட்டி வைத்த கறுப்பு வெல்வெட்டுத் துணி, ஒரு பாய், இவ்வளவுதான் அவருடைய குடித்தனம். மாதம் எட்டு வெள்ளி கொடுப்பார். முதல் தேதி காலையில் என் கையில் வைத்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவார். ரசீது நான் கொடுத்ததும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை.

அத்தைக்கு வரன் கடலுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குப் பிறை என்கிற ஊரில் ரயில்வே வேலை. அவருடைய அப்பா, நீங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறவர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை தவறாத குடும்பம். ஒரு சனிக்கிழமை காலை அவர் இரண்டு பெண்களோடு பேச்சை முடிக்க வந்தார். வீடு அண்ணன் பேரில் இருக்கிறது, பெண்ணுக்கு என்ன என்று மெதுவாகத்தான் கேட்டார். முன்கட்டு வாடகை அவள் உள்ளவரை அவளுக்கு என்று நான் சொன்னேன். எவ்வளவு வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நானாகவே பதினைந்து வெள்ளி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எட்டு என்பது அந்த நேரத்தில் சின்னதாகத் தெரிந்தது. மீதி ஏழு வெள்ளியை நான் கையிலிருந்து போட்டுக் கொடுத்துவிடலாம் என்று அந்த நொடியிலேயே மனசு கணக்குப் போட்டுக்கொண்டது.

அந்தப் பேச்சு அடங்குவதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, கையில் நீளமான புத்தகம், பின்னால் அளவு நாடா பிடித்த ஆள். முனிசிபாலிலிருந்து வீடுகளுக்கு மதிப்புப் போட வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். விருந்தாளிகளைப் பார்த்துவிட்டு, இடைஞ்சல் செய்ய வரவில்லை, ஐந்து நிமிஷம்தான் என்று மரியாதையாகச் சொன்னார். அகல நீளம் அளந்தார்கள். கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை விரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"முன்கட்டு என்ன வாடகைக்குப் போகுது?"

டிரெஸர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

"பதினஞ்சு வெள்ளி," என்றேன்.

"இருக்கிறவரைக் கேக்கலாமோ?"

நானா அன்றைக்கு வெல்வெட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஆள் இல்லை என்றேன். ரசீது உண்டா என்று கேட்டார். நம்பிக்கையில் விட்டிருக்கிறேன், ரசீது இல்லை என்றேன்.

"அப்ப பதினஞ்சு எண்டு எழுதுறன்," என்று எழுதினார். பின்கட்டும் அதே அளவு என்பதால் அதற்கும் பதினைந்து போட்டார். மை காய ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

டிரெஸர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "முனிசிபால் புத்தகத்துலயே ஏறிட்டு. இனி எனக்கு வேற சாட்சி எதுக்கு?" என்றார். கூட வந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போனபிறகு உங்கள் அம்மா கோப்பைகளை எடுக்க வந்தாள். "எட்டுன்னு சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?" என்றாள். சபையில் எப்படிச் சொல்வது என்றேன். அவள் கோப்பைகளோடு உள்ளே போனாள்.

கணக்கைப் பாருங்கள். முன்கட்டு எட்டு, பின்கட்டு எட்டு என்றால் மாதம் பதினாறு, வருஷ மதிப்பு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, வரி பத்தொன்பது வெள்ளி இருபது காசு. இப்போது மாதம் முப்பது, மதிப்பு முந்நூற்று அறுபது, வரி முப்பத்தாறு. ஒரே வார்த்தையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் மாதாமாதம் என் கையிலிருந்து ஏழு வெள்ளி.

நம் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மெய்விவாகம், தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடவார்கள் என்று சாமியார் வாசிப்பார். அத்தைக்கு முதல் ஓலை வாசித்த மறுநாள் முனிசிபாலிலிருந்து கடிதம் வந்தது. வருஷ மதிப்பு முந்நூற்று அறுபது, ஆட்சேபணை இருந்தால் பதினாலு நாளுக்குள் எழுதிக் கொடுக்கவும் என்று இருந்தது. நான் விரலால் எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது ஓலைக்கு மறுநாள் கெடு முடிகிறது. சாமியாரும் அதே நாட்களில்தான் தடை கேட்கிறார், முனிசிபாலும் அதே நாட்களில்தான் கேட்கிறது. ஒன்றில் நான் வாயைத் திறந்தால் மற்றதில் தடை விழும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது ஓலை முடிந்த வாரத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திடல் ஓரத்தில் இருக்கும் முனிசிபால் ஆபீசுக்குப் போனேன். ஆட்சேபணைக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மூன்று நாள் எழுதியது. ஆபீஸ் கூடத்தில் ஒரு நீள மேசை மேல் மதிப்புப் புத்தகங்களை வரிசையாக விரித்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு வீட்டு எண்ணைச் சொல்லி, இதன் வாடகை ஏன் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்று குமாஸ்தாவைக் கேட்டார். அந்த வீடு அவருடையதல்ல. யாருடையதோ. குமாஸ்தா பதில் சொன்னார். சொல்லித்தானே ஆகவேண்டும், அது எல்லாருக்கும் பொதுப் புத்தகம்.

டிரெஸரின் விரல் எங்கள் வீட்டு எண்ணின் மேல் வந்து நிற்பதைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. பதினைந்தை அடித்து எட்டு என்று எழுதியிருக்கும். நான் திரும்பி நடந்தேன். கடற்கரைக் கைப்பிடிச் சுவர் பக்கம் நின்று கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு சாமியார் ஓலை வாசித்து நிறுத்தியபோது கோவிலில் யாரும் இருமக்கூட இல்லை. மறுநாள் முனிசிபாலின் கெடுவும் முடிந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அத்தை அழுதுகொண்டே ஃபெரி ஏறினாள்.

முதல் ஆறு மாதம் சமாளித்தேன். ஒவ்வொரு மாதமும் நானாவின் எட்டோடு என் ஏழு வெள்ளியைச் சேர்த்துப் பதினைந்தாக மாப்பிள்ளையின் கையில் கொடுப்பேன். ஜனவரி வரியைக் கட்டிவிட்டேன். பிறகு ரப்பர் விலை விழுந்தது. ரப்பரோடு கொப்பரையும் விழுந்தது. கிடங்கு முதலாளி முதலில் சம்பளத்தை இருபத்திரண்டாகக் குறைத்தார். பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றார். நான் பதினைந்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஜூலை வரியை நிறுத்தினேன். முனிசிபால் ஏன் என்று நேரில் வந்து கேட்காது என்று நினைத்தேன்.

அது கடிதமாகக் கேட்டது. தபால்காரன் சைக்கிள் மணி சந்து முனையில் கேட்டாலே நான் பின்கட்டுக்குள் போய்விடுவேன். முதல் கடிதம் வெறும் ஞாபகமூட்டல். இரண்டாவதில் செலவுத் தொகை என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாவதை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பணம் கட்டாவிட்டால் வீட்டிலிருக்கும் அசையும் பொருள்கள் ஜப்தி செய்யப்படும் என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், அந்தப் பொருள்கள் யாருடையவையாக இருந்தாலும் சரி என்று இருந்தது. அந்த வரியை நான் ஐந்தாறு தடவை படித்திருப்பேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நானாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தைத் தபால்காரனிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுப்பவரே அவர்தான். அன்றைக்கும் அப்படித்தான் கொடுத்தார். அடிக்கடி வருதே தம்பி, என்ன கடுதாசி என்று கேட்டார். தண்ணீர்க் கணக்கு நானா, தப்பாய்ப் போட்டு அனுப்புகிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இதைத்தான் என்னால் இன்றுவரை என்னிடமே நியாயப்படுத்த முடியவில்லை. டிரெஸரிடம் சொன்ன பொய்க்காவது ஒரு கல்யாணம் காரணம். இதற்கு ஒன்றும் இல்லை.

மறுபடியும் ஜனவரி வந்தது. இரண்டு அரைவருஷ வரியும் சேர்ந்து நின்றது. அது நோன்பு மாசம். சொங்கோக் தைப்பவர்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு போடுவது அந்த ஒரு மாசம்தான். பெருநாளுக்குப் புதுத் தொப்பி வேண்டாத ஆண் பிள்ளை பினாங்கில் யார்? நானா விடிகிற வேளைக்கு மெஷினில் உட்கார்ந்தால் நோன்பு திறக்கும் நேரத்தில்தான் எழுந்திருப்பார். முன்பணம் வாங்கிய கணக்கைச் சுவரில் சுண்ணாம்பால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கைவண்டி சந்துக்குள் வந்தது. எனக்கு அன்றைக்கு வேலை இல்லாத நாள். வண்டியோடு ஜப்திக்காரர் ஒருவரும் கூலிகள் இரண்டு பேரும் வந்தார்கள். வாரண்டைக் காட்டினார். சத்தம் போடவில்லை, அதட்டவில்லை. கையில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக எண் போட்டுக்கொண்டே வந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று. நாற்காலி இரண்டு, மூன்று. உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டி நாலு. பின்கட்டில் அதற்கு மேல் விலை போகிற பொருள் இல்லை. அவர் முன்கட்டுக்குத் திரும்பினார்.

நானா நடப்பது என்னவென்று புரியாமல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கால் மிதியின் மேல் இருந்தது. பாதி தைத்த தொப்பி ஊசிக்கடியில். ஜப்திக்காரர் குனிந்து மெஷினின் பக்கவாட்டில் ஐந்து என்று எழுதினார். அது அவருடையது, என்னுடையது இல்லை என்று நான் மலாயில் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கிறது எல்லாம் ஒன்றுதான், நோட்டீசில் போட்டிருக்கிறதே என்று அவரும் மலாயில் சொன்னார். நானாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

அவர் காலை எடுத்துக்கொண்டார். ஊசியைத் தூக்கித் தொப்பியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, அதெல்லாம் தண்ணிக் கணக்குன்னுதானே சொன்னீங்க?"

கூலிகள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படியிறங்கும்போது மிதி தானாக ஆடியது. ஏழு நாளுக்குள் பணம் கட்டினால் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் ஏலம் என்று சொல்லிவிட்டு ஜப்திக்காரர் போனார். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் ஃபெரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கிப் பஸ் பிடித்துக் கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அத்தை என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். டிரெஸர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வெள்ளிதான் என்பது, ஏழு என் கையிலிருந்து வந்தது என்பது, நானாவின் மெஷின் போனது. பதினைந்தை இனிமேல் என்னால் கொடுக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எட்டுன்னு சொல்லியிருந்தாலும் நான் என் மவனுக்குக் கட்டியிருப்பேன்," என்றார். "வாடகை பெரிசில்ல. நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஒன்னுன்னா நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்க, அத நான் நம்பணும். அதுதான் இப்ப இல்லாமப் போச்சு."

வாடகை இனி வேண்டாம் என்றார். ஒரு காசும் வேண்டாம் என்றார். அத்தை கதவு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பித் தட்டு அவள் கையில் இருந்தது. அவள் அதை எனக்குக் கொடுக்கவும் இல்லை, உள்ளே எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. நான் அப்படியே பஸ்ஸுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் இந்த வீட்டுப் படியேறவில்லை. உங்களில் மூத்தவன் ஞானஸ்நானத்துக்குத்தான் வந்தாள்.

உங்கள் அம்மா தன் காதில் கிடந்த தங்க ஓலையைக் கழற்றிக் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். அதை விற்று ஆறாவது நாள் வரியும் செலவும் கட்டினேன். மெஷின், கடிகாரம், நாற்காலி எல்லாம் கிடைத்தன. மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது முன்கட்டு காலியாக இருந்தது. வாங்கிய முன்பணத்தையெல்லாம் நானா திருப்பிக் கொடுத்துவிட்டு, மர அச்சுகளையும் துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு தெரிந்தவர் கடை மாடிக்குப் போய்விட்டார் என்று உங்கள் அம்மா சொன்னாள். போகும்போது அந்த மாதத்து எட்டு வெள்ளியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டியை அப்படியே கடைத்தெருவுக்குத் திருப்பினேன். பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. யார் வந்து புதிதாகத் தொப்பி சொல்லப்போகிறார்கள்?

அடுத்த மதிப்புப் பட்டியல் வந்ததும் முதல் நாளே ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாடகை எட்டுதான் என்பதற்கு ரசீது கேட்டார்கள். ரசீது எங்கே இருக்கிறது? குடியிருந்தவரைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கடைத்தெரு மாடிப்படியில் ஏறுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நானா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டார்.

சொன்ன கிழமையில் துவைத்த சட்டையும் தன் கையால் தைத்த சொங்கோக்கும் போட்டுக்கொண்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அதே யாழ்ப்பாணத்துக்காரரும் உட்கார்ந்திருந்தார். நானா ஒரே வார்த்தை சொன்னார், எட்டு வெள்ளி என்று. யாழ்ப்பாணத்துக்காரர் என்னைப் பார்த்து, பதினஞ்சு எண்டு நீர்தானே சொன்னது என்றார். ஆமாம் ஐயா, நான்தான் சொன்னேன் என்றேன். அவர் பதினைந்தின் மேல் ஒரு கோடு போட்டு எட்டு என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே படியில் இறங்கும்போது நானாவிடம், முன்கட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள், ஆறு வெள்ளி போதும் என்றேன்.

"வாடகைக்காக இல்ல தம்பி," என்றார். "ஒவ்வொரு கடுதாசி வர்றப்பயும் நான் உங்க மொகத்தைப் பாக்கணும்லா. என்னால ஆவாது." தோளைத் தொட்டுவிட்டுத் திடலைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

முன்கட்டு அந்த வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு வரியில் ஒரு பங்கை முனிசிபால் திருப்பிக் கொடுக்கும். அதற்குப் பாரம் என்று நிரப்பிக் கொடுக்கிற ஒரு அச்சுத் தாள் இருக்கிறது. நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டு எண், சொந்தக்காரர் பெயர், எந்தத் தேதியிலிருந்து காலி என்பதையெல்லாம் நிரப்பினேன். அதற்குக் கீழே, குடியிருந்தவர் போன காரணம் என்று ஒரு வரி விட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாரத்தை நான் கொடுக்கவே இல்லை.